எரிந்ததும் பிடித்ததும்

தர்மபுரி பஸ் நிலையத்துக்குப் பின்னால், மாடியில் இயங்கும் உள்ளூர் கேபிள் டிவியில் செய்தி எழுதும் வேலைக்குப் பிளசி சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அன்று அவள் எழுதிய காலைச் செய்தியில் ஆசிரியர் மாதவராஜ் சிவப்புப் பேனாவால் நான்கு 'பிடி'யைச் சுற்றி வட்டம் போட்டார்.

"தொப்பூர்ல லாரி தீப்பிடிச்சுது. பென்னாகரத்துல மலைப்பாம்பப் பிடிச்சாங்க. இண்டூர் பொண்ணு குண்டு எறியறதுல மொதலிடம் பிடிச்சுது. ஒகேனக்கல்ல வெள்ளம், மீன் பிடிக்கத் தடை. ஏம்மா, உங்கிட்ட வேற வார்த்தையே இல்லியா? மாத்தும்மா."

ஏழு மணி ஒளிபரப்புக்குப் பத்து நிமிடம்தான் இருந்தது. பாம்பு சிக்கியது, மாணவி முதலிடம் பெற்றார் என்று மளமளவென்று மாற்றினாள். மீனுக்கு எதுவும் தோன்றவில்லை, விட்டுவிட்டாள். லாரிக்கு 'எரிந்தது' என்று போட்டாள். அப்படிப் போட்டதும், பின்னால் இருந்த 'உடனே அணைக்கப்பட்டது' ஒட்டாமல் நின்றது. அதையும் வெட்டினாள்.

ஏழேகாலுக்கு அலுவலக போன் அடித்தது.

"இண்டூர்லேர்ந்து கோகிலவாணி பேசறேங்க. டிவில காட்டுனது எங்க வூட்டுக்காரரு மாதுவோட லாரிங்க. எரிஞ்சிபோச்சுன்னு சொல்றீங்க. அவரு போன எடுக்கவே மாட்டேங்கறாருங்க..."

பிளசி தான் வெட்டிய வரியைப் பார்த்தாள். "அக்கா, அழாதீங்க. லாரி எரியலீங்கக்கா. இன்ஜின்ல லேசாத் தீப்பிடிச்சுது, அணைச்சிட்டாங்க. யாருக்கும் ஒண்ணும் ஆகல. நாந்தான் தப்பா எழுதிட்டேன்."

"அவரு குரலக் கேக்கணுங்க."

பிளசி தன் கைபேசியில் தொப்பூரிலிருந்த நிருபர் அமல்தாஸைக் கூப்பிட்டாள். நல்லவேளை, அவர் இன்னும் கிளம்பவில்லை. சாலையோரக் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த மாதுவிடம் போனைக் கொடுத்தார். பிளசி கைபேசியை ஸ்பீக்கரில் போட்டு, அலுவலக போனோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"ஏய் கோகிலா, எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கறேன். போன் வண்டியிலயே கெடக்குது. கடைக்காரங்க நாலு கொடம் தண்ணி ஊத்துனாங்க, அடங்கிப்போச்சு."

"கையி காலு?"

"எல்லாம் இருக்குது. மீசைதான் கொஞ்சம் பொசுங்கிப்போச்சு."

கோகிலவாணி அழுதுகொண்டே சிரித்தாள். பிளசிக்கும் சிரிப்பு வந்தது, கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மாதவராஜ் தொண்டையைச் செருமினார். "ஒம்போது மணிச் செய்தில தீப்பிடிச்சுதுன்னே போடும்மா. அணைச்சதையும் சேத்துக்க. நாலு தடவ வந்தா வந்துட்டுப் போவுது."

ஒன்பது மணிச் செய்தியில் லாரி தீப்பிடித்தது; உடனே அணைக்கப்பட்டது; அமல்தாஸ் எடுத்து அனுப்பிய காட்சியில் மாது லாரி பக்கத்தில் நின்று பேசினார். பாம்பைப் பிடித்தார்கள், மாணவி முதலிடம் பிடித்தார், மீன் பிடிக்கத் தடை நீடித்தது. ஒரே சொல் நான்கு முறை வந்ததாக ஒருவரும் குறை சொல்லவில்லை.

பதினோரு மணிக்குக் கோகிலவாணி மறுபடி கூப்பிட்டாள். இந்த முறை குரலில் ஒரு தெம்பு இருந்தது.

"அவரு வந்துட்டாருங்க, சாப்டறாரு. லாரிகிட்ட நின்னு டிவில பேசுனாராமே, பசங்க பாக்கலீங்க. மறுபடி எப்பப் போடுவீங்க?"

"ஒரு மணிக்குங்கக்கா."

"கொஞ்ச நேரம் கூடக் காட்டச் சொல்லும்மா."

பிளசி எடிட்டிங் அறைக்கு எழுந்து போனாள், மாதுவுக்கு இன்னும் பத்து விநாடி கேட்டு வாங்க.