தம்பையாவுக்கு ஒரு கோல்

கோணேசர் கோயில் வாசலில் கற்பூரம் ஏற்றி, அதை வெறுங்கையால் அணைத்தே சத்தியம் செய்யலாம்: கீழே வருவதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. மான் உட்பட.

உட்துறைமுக வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையில் முன்பு ஒரேயொரு தொலைபேசிதான் இருந்தது. அது கோணேஸ்வரன் வீட்டில். யாருக்குக் கோல் வந்தாலும் அவர் படலைக்கு வந்து பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். ஒழுங்கை வழக்கம் அப்படி. எதிர்வீட்டுத் தம்பையாவை நோர்வேக்கு எடுப்பதற்காக அவருடைய மச்சான் கோல் எடுத்த அன்று, கோணேஸ்வரன் சோற்றில் கை வைத்திருந்தார். எழும்பப் பஞ்சி, சோம்பல். "தம்பையா இஞ்ச இல்லை" என்று சொல்லி வைத்துவிட்டார். மச்சான் வேறொருவரைக் கூப்பிட்டுக்கொண்டார்.

தம்பையா கத்தி எடுக்கவில்லை. தன் பெயரில் ஒரு இணைப்பு எடுத்தார். அன்று தொடங்கி, கோணேஸ்வரன் மத்தியானம் முதல் கவளத்தை உருட்டும்போதெல்லாம் மணி அடித்தது.

"தம்பையா நிக்கிறாரோ?"

"இல்லை!"

"வந்தாச் சொல்லுங்கோ."

கோணேஸ்வரன் படலைக்கு வந்து தன் பெயரைக் கூவும்வரை விடுவதில்லை என்பது தம்பையாவின் வைராக்கியம். கோணேஸ்வரனுக்கோ போனைக் கழற்றி எறியவும் ஏலாது. லண்டனில் இருக்கும் மகள் அந்த நம்பருக்குத்தான் எடுப்பாள். இப்படியே இருவருக்கும் தலை நரைத்தது. கோணேஸ்வரனுக்கு மேலதிகமாகக் குடற்புண்ணும் வந்தது.

ஒருநாள் கிண்ணியாவிலிருந்து தொலைபேசி லைன் வேலை செய்யும் இக்ராம் தம்பையா வீட்டுக்கு வந்தான்.

"ஐயா, செம்புக் கம்பியெல்லாம் கழட்டப் போறம். இனி ஃபைபர்தான். பழைய நம்பரே இருக்கும். ஆனா கரண்ட் போனாப் போனும் செத்துரும், ஒரு பேட்டரி வச்சுக்கொள்ளுங்க."

"முன்வீட்டுக்காரன்?"

"அவருக்கு வேணாமாம். மகள் இப்ப வாட்ஸ்அப்ல எடுக்கிறாவாம். கம்பி போனா நிம்மதியாச் சாப்பிடலாம் எண்டு எனக்கு இஞ்சித் தேத்தண்ணி ஊத்தித் தந்தார்."

தம்பையா படலைக்கு வந்து எதிர்வீட்டை முறைத்தார். படுபாவி தப்பப் பார்க்கிறான்.

உடனே ஃபைபர் எடுத்தார். கோணேஸ்வரனின் மனைவி தங்கேஸ்வரி நாடகப் பைத்தியம் என்பது தெரிந்து, வைஃபையைக் கடவுச்சொல் போடாமல் திறந்துவிட்டார். அலை அவருடைய படலையோடு நின்றுவிட்டது. மிச்சத் தூரத்தை மான் பார்த்துக்கொண்டது.

கோணேசர் கோயிலடிக் கோட்டைக்குள் திரியும் மான்கள் தீன் தேடி ஒழுங்கைக்குள் வருவது வழமைதானே. அதில் கொம்பு பெருத்த ஒரு கலைமானுக்குப் பூசணித் தோல் போட்டுப் படலையில் நிறுத்தினார். அலை இடக்கொம்பால் ஏறி, வலக்கொம்பால் இறங்கி, நேரே தங்கேஸ்வரியின் குசினிக்குள் போனது. மான் குனிந்தால் நாடகம் நின்றுவிடும். நிமிர்ந்தால் மாமியார் விட்ட இடத்திலிருந்து திட்டுவாள். இன்னொரு மான் பக்கத்தில் வந்து நின்றபோது படம் பளிச்சென்று தெரிந்தது.

தங்கேஸ்வரிக்கு அது இல்லாமல் உலை வைக்க ஏலாது என்ற நிலை வந்ததும், தம்பையா கடவுச்சொல்லைப் போட்டார். மான்களையும் துரத்திவிட்டார்.

"தம்பையா அண்ணை, படம் சுத்திக்கொண்டே நிக்குது!"

"மானுக்கு வயித்தால போகுது பிள்ளை. மனுசனிட்டச் சொல்லி உங்கட பழைய நம்பரிலயே ஒரு லைன் எடுங்கோவன்."

அன்றிலிருந்து எதிர்வீட்டு அடுப்பு எரியவில்லை. கோணேஸ்வரன் சம்பலும் இல்லாமல் வெறும் கடைப் பாண் தின்றார். குடற்புண்ணோடு எவ்வளவு நாளைக்குத் தாங்குவார்? அவரே இக்ராமைக் கூப்பிட்டார்.

புது இணைப்பு வந்த அன்று எதிர்வீட்டில் பாரை மீன் குழம்பு. கோணேஸ்வரன் முதல் கவளத்தை உருட்டினார். புதுப் போன் அலறிய அலறலுக்குத் துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் பதிலுக்கு ஊதின.

"தம்பையா நிக்கிறாரோ?"

கோணேஸ்வரன் கவளத்தைப் பார்த்தார். தங்கேஸ்வரி கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமலே கத்தினாள்:

"இந்தச் சத்தத்தில ஒரு நாடகம் பாக்க ஏலுமே? எழும்பிப் போய்க் கூப்பிட்டுத் துலையுங்கோவன்!"

கோணேஸ்வரன் எழும்பினார். சோறு ஒட்டிய கையோடு படலைக்கு வந்தார். ஒழுங்கையே வெளியில் வந்து நின்றது, மான்களும்தான்.

"தம்பையா அண்ணை! உங்களுக்குக் கோல்!"

 ரிசீவரும் காதுமாக யன்னலில் நின்ற தம்பையா, அந்தக் கூவலைக் கடைசி எழுத்துவரை ருசித்துக் கேட்டார். பிறகு வெளியே எட்டிப் பார்த்து ஆறுதலாகச் சொன்னார்:

"தம்பையா இஞ்ச இல்லை."

அன்று தொடங்கி ஒழுங்கையில் யாரைக் கேட்டாலும் இதுதான் பதில்: தம்பையா, மச்சான் கூப்பிட்ட அந்த வருடமே நோர்வேக்குப் போனவர். இன்றுவரை ஒருமுறையேனும் திரும்பி வரவில்லை.