அரளிக் குச்சி நின்ற தண்ணீர்

கோட்டைக்குப்பத்தில் நல்ல தண்ணீரைக் கீழே கொட்டினால் பக்கத்து வீட்டுக்காரி சண்டைக்கே வந்துவிடுவாள். ஏரித் தண்ணீரும் உப்பு, தோண்டினாலும் உப்பு, லாரி வந்தால்தான் குடம் நிறையும். ஆர்த்தியும் அதனால்தான் அந்தத் தண்ணீரைக் கொட்டவில்லை.

பக்கத்து வீட்டு ராஜம்மா ஒடித்துக் கொடுத்த செவ்வரளிக் குச்சிகளைப் பெரிய கூல்டிரிங்ஸ் பாட்டிலில் தண்ணீர் ஊற்றி நிறுத்தியிருந்தாள். வேர் விட்டதும் அன்று காலை எடுத்து வாசலில் நட்டாள். மிச்சத் தண்ணீரைச் சாயங்காலம் செடிக்கே ஊற்றிக்கொள்ளலாம் என்று பாட்டிலை மூடிப் படியில் வைத்துவிட்டு மீன் விற்கப் போனாள். திரும்பி வந்தால் பாட்டிலைக் காணோம்.

"உன் வூட்டுக்காரருதான் எடுத்துகினு ஏரிக்கு மீன் புடிக்கப் போனாரு. இன்னாத்துக்கு இப்பிடி முழிக்கிற?" என்றாள் ராஜம்மா.

ஆர்த்தி மீன் கூடையை அப்படியே கீழே போட்டாள். அரளியில் ஆடுகூட வாய் வைக்காது. அந்தக் குச்சி நாள்கணக்கில் ஊறிய தண்ணீர். புருஷன் தேவதாஸுக்குப் போன் போட்டாள். அது வீட்டுக்குள்ளேயே சார்ஜரில் கிடந்து அலறியது.

கரைக்கு ஓடினாள். வலை உலர்த்திக்கொண்டிருந்த வேதாசலம், விஷயத்தைக் கேட்டதும் படகைத் தள்ளி இன்ஜினைக் கிளப்பினார். 'அம்மா, அங்காளம்மா, உனக்குப் பூ வைக்கத்தானே அந்தச் செடியை நட்டேன்' என்று வழியெல்லாம் புலம்பினாள். குடித்திருப்பானோ? இந்த வெயிலில் எவன் குடிக்காமல் இருப்பான்?

தூரத்தில் தேவதாஸ் படகில் நின்றிருந்தான். உயிரோடுதான் நின்றிருந்தான். இவளைப் பார்த்ததும் கையை ஆட்டிச் சிரித்தான். பிறகு குனிந்து பாட்டிலை எடுத்தான். மூடியைத் திருகினான்.

"குடிக்காத மாமா!" என்று கத்தினாள். இன்ஜின் சத்தத்தில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"அண்ணே, இன்ஜின நிறுத்துண்ணே!"

இன்ஜின் நின்றது. பாட்டில் அவன் உதட்டுக்கே போய்விட்டது.

"வெஷம் மாமா! அரளித் தண்ணி!"

அவன் கை அப்படியே நின்றது. படகு பக்கத்தில் போனதும் பாட்டிலைப் பிடுங்கினாள். கழுத்துவரை நிறைந்திருந்தது.

"ஒரு வாய்கூடவா குடிக்கல?"

"வூட்ல அரைக் கொடந்தான இருந்துச்சு. லாரி வேற வரல. உனுக்கே திருப்பிக் கொண்டாந்துடலாம்னு தொடாமயே வச்சிருந்தேன். இப்பத்தான் தாங்க முடியல" என்றான் தேவதாஸ்.

அவள் அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு பாட்டிலைக் கவிழ்த்து, ஒரு சொட்டு விடாமல் ஏரியில் கொட்டினாள்.