ஐந்தும் ஒற்றைப்படை

விஸ்வநத்தத்துப் பட்டாசு கம்பெனி ஆபீசில் இசைவாணிக்கு நாற்காலி கிடைத்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. அதற்கு முன்னால் பதினோரு வருஷம் தரையில் சம்மணம் போட்டு லேபிள் ஒட்டியவள். ஆறு மாதக் கம்ப்யூட்டர் படிப்புச் சான்றிதழைக் கண்ணாடி போட்டு, நாற்காலிக்கு மேலே மாட்டியிருந்தாள். தினமும் அதைக் கும்பிடாததுதான் குறை.

அந்தத் திமிர்தான் வாயைத் திறந்தது. இரண்டாயிரத்து ஆறு, தீபாவளி சீசன். முதலாளி சுந்தரபாண்டி ஐந்து கம்ப்யூட்டர் வாங்கி இறக்கி, அவற்றை ஒன்றோடொன்று இணைக்க மதுரையிலிருந்து ஆள் கூப்பிடப் போனார்.

"எதுக்கு முதலாளி மதுரைக்காரன்? நானே பண்ணிருவேன்."

"நாளைக்கு நாலு மணிக்கு ஆர்டர்காரங்க வர்றாக. ஓடலைன்னா இந்த நாற்காலி மதுரைக்காரனுக்கு. நீ லேபிளுக்குப் போயிரு" என்றார் அவர், சிரிக்காமல்.

மறுநாள் காலை ஒரு கம்ப்யூட்டரை மட்டும் போட்டால் சமத்தாக ஓடியது. இரண்டாவதையும் போட்டால் இரண்டும் திக்கின. இணைப்புக் கார்டுகளை விற்ற டவுன் கடைக்காரர் உபைதுல்லா பாய்க்குப் போன் போட்டாள்.

"மலிவுச் சரக்கு தங்கச்சி. ஒவ்வொரு கார்டுலயும் ஒரு முகவரி பதிச்சு அனுப்பணும். இவன் அஞ்சுலயும் ஒண்ணையே பதிச்சிருக்கான். அஞ்சு வீட்டுக்கும் ஒரே கதவு நம்பர்னா தபால்காரர் என்ன செய்வாரு? நீங்களே புதுசா போடுங்க. ஆறு ஜோடி, பன்னெண்டு எழுத்து. பூச்சியத்துல இருந்து ஒன்பது, அப்புறம் ஏ-ல இருந்து எஃப். வாய்க்கு வந்ததைப் போடுங்க, ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்கப்படாது, அம்புட்டுதான்."

வாய்க்கு வந்ததைப் போடுவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. முதலில் எழுதியதைப் பார்த்தால் அவளுடைய பிறந்த தேதி. அடுத்தது ரேஷன் கார்டு. மூன்றாவது, புருஷன் வண்டி நம்பர். கண்ணாடி போட்டு மாட்டிய மூளைக்குள் மொத்தமே மூன்று நம்பர்தான் கிடந்தது.

கடைசியில் குலுக்கல். கழித்துப்போட்ட லேபிள்களின் முதுகில் பதினாறு எழுத்தையும் எழுதி, காலி வெடிப் பெட்டியில் போட்டாள். சாப்பாட்டு நேரத்தில் எட்டிப் பார்த்த பேக்கிங் வேலுத்தாயை எடுக்கச் சொன்னாள். முதல் சீட்டே பூச்சியம்.

"ஏத்தா, புது மிஷினுக்குப் பூச்சியத்துலயா ஆரம்பிப்பாக? மொய்யே நூத்தியொண்ணு, ஐநூத்தியொண்ணுன்னுதான வைக்கோம்?"

"ஆமால்ல மதினி" என்றாள் படித்த இசைவாணி. முதல் ஜோடியை மட்டும் ஐந்துக்கும் கையாலேயே எழுதினாள்: 11, 21, 51, 71, 91. மிச்சமெல்லாம் சீட்டு சொன்னபடி. கல்யாண வீட்டு மொய் நோட்டு தோற்றது. கம்ப்யூட்டரில் ஏற்றி, ஐந்துக்கும் சந்தனப் பொட்டும் வைத்தாள்.

ஐந்தும் படுத்துவிட்டன. காலையில் தனியாக ஓடிய அந்த ஒன்றும்கூட. மணி மூன்றேகால்.

"சந்தனத்து ஈரம் உள்ள இறங்கிருச்சோ?" என்றாள் வேலுத்தாய்.

மறுபடியும் பாய்க்குப் போன். அவள் வாசிக்க வாசிக்க, அந்தப் பக்கம் சிரிப்பு அடங்கவில்லை.

"முதல் ஜோடி ஒத்தைப்படையா இருந்தா அது ஒரு ஆளோட முகவரி இல்ல தங்கச்சி. கூட்டத்தையே சேத்துக் கூப்பிடுற முகவரி. ஒரு கார்டு அதைத் தன் பேரா வச்சுக்க முடியாது. அஞ்சுமே ஒத்தைப்படையா எவன் போடுவான்னு நான் சொல்லாம விட்டுட்டேன். எல்லாத்துக்கும் முதல்ல பூச்சியம், ரெண்டு போடுங்க. நாமளா வச்ச முகவரிக்கு அதுதான் அடையாளம்."

மூன்று ஐம்பதுக்கு ஐந்தும் ஒன்றோடொன்று பேசின. ஆர்டர்காரர்கள் வந்தார்கள், பார்த்தார்கள், போனார்கள். முதலாளி மட்டும் சுவரில் ஒட்டியிருந்த முகவரிப் பட்டியல் முன்னால் நின்றார்.

"என்னம்மா எல்லாத்துலயும் முதல் ஜோடி ரெண்டுல நிக்கி? ராசியில்லையே. மூணாக்கிவிடு."

"சரிங்க முதலாளி" என்றே பழகிய வாய். மூன்றும் ஒற்றைப்படைதான்; சரியென்றால் நாளைக்கு ஐந்தும் படுக்கும். முடியாது என்றால் காரணம் கேட்பார். காரணம் அவளேதான்.

சொல்லிவிட்டாள். மொய், சந்தனம், வெடிப் பெட்டி, எல்லாம்.

அவர் பெட்டிக்குள் கையை விட்டு ஒரு சீட்டை எடுத்துப் பார்த்துத் திரும்பப் போட்டார். "மதுரைக்காரனா இருந்தாலும் மூணு போடச் சொல்லியிருப்பேன். அவன் போட்டுட்டு, கூலி வாங்கிட்டுப் போயிருப்பான்." வாசல் வரை போனவர் திரும்பினார். "நிக்காத, உக்காரு."

உட்காருவதற்கு முன்னால் இசைவாணி சான்றிதழை ஒரு சாண் கீழே இறக்கி மாட்டினாள். கழற்றிவிட மனசு வரவில்லை.