சொர்ணம் போடாத கையெழுத்து

“கையெயுத்து போட்ரு அக்கா. நாளைக்கு காலைல டை உன் ஷெட்டுக்கு வந்துரும். நம்ம கள்ளிக்குப்பத்து ஆளா சொல்றேன்.” ஆர்டர் கொடுத்த கம்பெனியின் பர்ச்சேஸ் மேனேஜர் கஜபதி காகிதத்தைச் சொர்ணத்தின் பக்கம் நகர்த்தினான்.

சொர்ணத்துக்குச் சபலம் தட்டத்தான் செய்தது. அந்த டை, கீல் தகடு வெட்டி வளைக்கும் இரும்பு அச்சு, அவள் தன் கைப்பணத்தில் செய்வித்தது. அளவு சரிபார்த்துத் தருகிறோம் என்று வேனில் ஏற்றிக்கொண்டு போனவனே இந்தக் கஜபதிதான். போனது போனதுதான். கேட்டால், டை எங்களுடையது என்று கம்பெனி சாதிக்கிறது. ஷெட்டில் பிரஸ் மெஷின் தூங்குகிறது. வேலைக்கு வந்துகொண்டிருந்த நான்கு பெண்களும், எப்போது வரட்டும் என்று தினமும் போன் செய்கிறார்கள்.

தகராறு வந்தால் கம்பெனி வைக்கும் நடுவர் சொல்வதே முடிவு என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. ஆர்டர் கிடைத்த பூரிப்பில் அதை யார் படித்தார்கள்! கம்பெனி வீரராகவனை வைத்தது. அதே கம்பெனிக்குப் பல வருடம் சட்ட ஆலோசகராக இருந்த மனிதர். விசாரணை நடப்பதும் தொழிற்பேட்டையில் கம்பெனிக் கட்டடத்தின் மாடியில். இதைவிடக் கூத்து உண்டா?

ஒரு தரப்பே நடுவரை வைப்பது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதாம். தகராறு வந்த பிறகு சொர்ணமே எழுதிச் சம்மதித்தால்தான் அவர் தொடரலாம். அவளுடைய வக்கீல் ஜெயப்பிரியா வரும் வழியெல்லாம் இதைத்தான் சொல்லிக்கொண்டு வந்தாள். கஜபதி நீட்டுவது அந்தச் சம்மதம்.

மேசையின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த வீரராகவனும் பார்க்கும்படி கம்பெனி வக்கீல் தன் போனை உயர்த்திக் காட்டினார். முதல் அமர்வின் படம். சொர்ணம் தட்டில் வாழைப்பழமும் வெற்றிலை பாக்கும் வைத்து வீரராகவனிடம் நீட்டிக்கொண்டிருந்தாள். அன்று வக்கீல் யாரும் வைத்துக்கொள்ளாமல் தனியாக வந்திருந்தாள். பஞ்சாயத்துக்கு வெறுங்கையோடு போவது அவள் ஊர்ப் பக்கத்தில் வழக்கமில்லை.

“அம்மாவே சாரை ஏத்துக்கிட்டாங்க. நீங்க சொல்றதுதான் முடிவுன்னாங்க. இன்னைக்கு என்ன புதுசா?” என்றார் கம்பெனி வக்கீல்.

சொர்ணத்துக்கு முகம் எரிந்தது. தான் கொடுத்த மரியாதையையே தனக்கு விலங்காக மாட்டுகிறார்களே!

“தாம்பாளம் குடுத்தா எழுத்துல சம்மதிச்சதா ஆகாது சார்,” என்றாள் ஜெயப்பிரியா. பிறகு சொர்ணத்தின் காதருகே குனிந்தாள். “ஆனா கோர்ட்டுக்குப் போனா மாசக்கணக்குல இழுக்கும்க்கா. யோசிச்சுக்கோங்க.”

சொர்ணம் காகிதத்தைத் திருப்பித் தள்ளினாள். எழுந்து நின்றாள்.

“பெரியவர்னு மரியாத குடுத்தேன். அதுக்கு என் டைய எயுதிக் குடுத்துட்டேன்னு அர்த்தமா? இன்னா நாயம் சார் இது? அவங்க சோத்த துன்னுகினு கீற நீங்க எனக்கு நாயம் சொல்லுவீங்களா?”

“டை வேணாமா அக்கா?” என்றான் கஜபதி.

“வேணும். நீ பிச்ச போட்டு வேணாம்.”

வீரராகவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அம்மா, முதல்ல உக்காருங்க.”

“நான் ஒத்துக்கலன்னு எயுதுங்க. அப்பால உக்கார்றேன்.”

அவர் டைப் செய்யும் பெண்ணிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். விசைகள் படபடத்தன. சொர்ணம் ஜெயப்பிரியாவைப் பார்த்தாள்.

“இன்னா எயுதுறாரு?”

“உங்களுக்கு மனவருத்தம்னு.”

“எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. ஒத்துக்கலன்னு போடச் சொல்லு.”

கம்பெனி வக்கீல் ஏதோ சொல்ல வாயெடுத்தார். வீரராகவன் கையமர்த்தினார். டைப் செய்யும் பெண் அவர் முகத்தையும் சொர்ணத்தின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, யாரும் சொல்லக் காத்திராமல், திரையில் இருந்த வரியைக் கடைசி எழுத்திலிருந்து ஒவ்வொன்றாக அழிக்கத் தொடங்கினாள்.