அப்பாவின் ஓட்டு

அப்பாவின் தாடையை அவருடைய மஃப்ளராலேயே கட்டினாள் அற்புதமலர். முடிச்சு உச்சந்தலையில் நிற்காமல் நழுவியது. மூன்றாம் முறைதான் வாய் மூடியது. தொண்ணூற்றாறு வயதுவரை ஓயாத வாய்.

காலையில் காப்பி எடுத்துப் போனபோதே உடம்பு சில்லிட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை என்பதால், சான்றிதழ் எழுத டாக்டர் ஐந்து மணிக்குத்தான் வருவாராம். லியோனிலிருந்து தம்பி தியரி வரவும் மாலையாகிவிடும். அதுவரை பாரீஸின் இந்த லா சப்பல் மாடிவீட்டில் அவளும் அப்பாவும்தான். வேறு யாரையாவது கூப்பிடலாமென்று போனில் பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனாள். கூப்பிட ஆள் இல்லை.

மேசைமேல் தேர்தல் நோட்டீஸ் கிடந்தது. தொகுதி எம்.பி. பதவி விலகியதால் இன்றைக்கு இடைத்தேர்தல். படியிறங்க முடியாத அப்பா, தன் ஓட்டையும் மகளே போடும்படி ப்ரொக்குராசியோன் பதிந்து கொடுத்திருந்தார். நேற்றுக் கடைசியாகப் பேசியதும் அதைத்தான்.

"மலரு, நாளைக்கு என் ஓட்ட மறந்துடாத."

அவளைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. நினைக்க நினைக்கக் கோபமாக வந்தது.

"போட்டுடுக்கா," என்றான் தியரி போனில். "டாக்டரே இன்னும் எழுதல. யாருக்குத் தெரியப்போவுது?"

புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி பறந்த காலத்தில், பாரீஸ் பாராளுமன்றத்துக்கு ஆள் அனுப்ப நடந்த ஓர் இடைத்தேர்தலில்தான் அப்பாவின் முதல் ஓட்டு. இருபத்தொரு வயது. இஸ்திரி போட்ட சட்டையோடு போய் நின்றால், அவர் பெயரில் யாரோ போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். பட்டியலில் அதற்கு மேல் வரியில், ஆறு மாதம் முன்பு செத்துப்போன தாத்தாவும் ஓட்டுப் போட்டிருந்தார்.

"எங்கப்பாரு கல்லறையிலேருந்து எழுந்து வந்துட்டுப் போயிருக்காரு. என்னைப் பாக்காமலே!" என்று சொல்லிச் சிரிப்பார் அப்பா. சிரித்து முடித்தபின், "என் மொத ஓட்டு அது," என்பார்.

வீட்டைப் பூட்டிக்கொண்டு அவள் போனபோது, பள்ளிக்கூடத்து வாக்குச்சாவடியில் ஈ காக்கை இல்லை. தன் ஓட்டைப் போட்டுவிட்டுப் பட்டியலில் கையெழுத்திட்டாள். மேசைக்காரர் அடுத்த வரியில் விரலை வைத்து, "உங்களுக்கு ஒரு ப்ரொக்குராசியோனும் இருக்கிறதே, மதாம். முசியே பெர்னார் சவரிநாதன்," என்று பிரெஞ்சில் சொல்லி, இன்னொரு நீல உறையை நீட்டினார்.

வாங்கிக்கொண்டாள். தம்பி சொன்னது சரிதான், யாருக்கும் தெரியாது. திரைக்குப் பின்னால் போய்வர ஒரு நிமிடம் ஆகாது. இரண்டடி நடந்து நின்றாள்.

"அப்பா இன்று காலை இறந்துவிட்டார்."

ஒரு மனிதரின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்வது அதுவே முதல் தடவை. அவர் எழுந்து நின்றார். அவர் எழுந்திராமல் இருந்திருந்தால் அவள் அழுதிருக்கமாட்டாள்.

உறையைத் திரும்ப மேசையில் வைத்தாள். பட்டியலில் அவள் கையெழுத்தின் மை இன்னும் காயவில்லை. அதற்குக் கீழே, அப்பாவின் பெயருக்கு எதிரே, கட்டம் காலியாக இருந்தது.