நூற்றெண்பது கிரெய்ன் விரதம்

விக்னராஜாவின் துவக்கு 2023ஆம் ஆண்டு கந்தசட்டிக்கு ஆறு நாளும் விரதம் பிடித்தது. ஏழாம் நாள் அதை விடவுமில்லை. இத்தாலியின் பலெர்மோத் தமிழரில் இதை நம்பாதவர்கள் மூன்று பேர். அவர்களில் ஒருவர் லண்டனுக்கு மாறிப் போய்விட்டார். துவக்கு விரதம் பிடித்ததற்குக் காரணம் சட்டம்தான். ஆயுதத்தைப் பூட்டிய இரும்பு அலுமாரியில் வைக்க வேண்டும் என்று பொலிசில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். பக்கத்து ஊரான பகேரியாவில், முதலாளியம்மா சிஞ்ஞோரா இனெஸின் பழைய மாளிகை வாசலில், காவல்காரருக்கென்று கட்டிய இரண்டு அறை வீட்டில், அப்படியொரு அலுமாரிக்குச் சாமி அறையில் மட்டுமே இடம் இருந்தது. மனைவி ஞானம்பிகை அலுமாரிக்கு மேலே முருகன் படத்தை வைத்தாள். ஆறு நாளும் காலையும் மாலையும் மணியும் கற்பூரமும் பாட்டும் துவக்கின் தலைக்கு மேலேயே நடந்தன. மனிதரே திருந்திவிடக்கூடிய சூழல் அது. துவக்கைக் குறை சொல்ல முடியாது.

விக்னராஜா வேட்டைக்காரர் அல்லர். பதினொரு வருடமாக அந்த வாசல் வீட்டில் இருந்துகொண்டு சிஞ்ஞோராவின் எலுமிச்சைத் தோட்டத்தைப் பார்த்து வந்தவர். இரண்டு வருடமாக மலையிலிருந்து காட்டுப்பன்றிகள் இறங்கி வந்து, வேரைக் கிளறி, எட்டிய காயெல்லாம் தின்றன. எண்பத்தொரு வயதான சிஞ்ஞோரா, இந்த வருடக் காயும் பன்றிக்கே போனால் நத்தார்ப் பண்டிகைக்கு முன் தோட்டத்தை மருமகனிடம் கொடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டார். மருமகன் அங்கே கார் நிறுத்துமிடம் கட்டக் காத்திருந்தான். தோட்டம் போனால் வாசல் வீடும் போகும். ஐம்பத்தாறு வயதில் சாமான்களைத் தூக்கிக்கொண்டு வீடு தேட விக்னராஜாவுக்குப் பயமாக இருந்தது. இத்தாலியக் குடியுரிமை இருந்த துணிவில் சோதனை எழுதி, லிச்சென்சா என்ற வேட்டை உரிமம் எடுத்தார். பன்றிகளைச் சுடும் அனுமதிக்கும் எழுதிப் போட்டார்.

பலெர்மோவின் சீசாப் பகுதியில் ஆயுதக் கடை வைத்திருந்த அந்த்ரேயா, கையால் பூட்டை இழுத்துத் தள்ளும் பழைய றைபிள் ஒன்றை விற்றான். முந்திய சொந்தக்காரர் வீட்டில் தானே மருந்தடைத்த துவக்கு ரவைகளும் ஒரு பையில் கூட வந்தன. அவற்றைத் தொடவே வேண்டாம், யார் எவ்வளவு மருந்து போட்டாரோ தெரியாது, தொழிற்சாலை ரவை மட்டும் வாங்கு என்று சொல்லி, குழலில் வெட்டியிருந்த அளவை இரண்டு முறை வாசித்துக் காட்டினான். அளவு ஒன்றாக இருந்தாலும் குண்டின் பாரம் வேறுபடும், அதைக் கிரெய்ன் கணக்கில் சொல்வார்கள்; எந்தப் பாரம் பிடிக்கும் என்று துவக்குத்தான் சொல்ல வேண்டும். அதனால் நூற்றைம்பது, நூற்றறுபத்தைந்து, நூற்றெண்பது கிரெய்ன் என்று ஒவ்வொரு பெட்டி எடுத்து, கடதாசியில் மும்மூன்றாகச் சுட்டுப் பார்க்கச் சொன்னான். சுடுதளத்தில் மூன்றுமே ஒழுங்காகப் போயின. நூற்றெண்பது மட்டும் மூன்று ஓட்டையையும் ஒரு யூரோ நாணயக் குற்றிக்குள் அடக்கியது. விக்னராஜா பெருமையோடு வீடு வந்து துவக்கைப் பூட்டினார். மறுநாள் கந்தசட்டி தொடங்கியது.

விரதம் முடிந்த மறுநாள் அனுமதிக் கடிதம் வந்தது. அன்று பின்னேரமே பெரிய ஆண் பன்றி ஒன்றைக் குறிவைத்தார். குண்டு நேராகத்தான் போனது. பன்றிக்குக் கிட்டப் போனதும் வேகத்தைக் குறைத்து, நெற்றியில் பொட்டு வைப்பதுபோல் தொட்டுவிட்டுக் கீழே விழுந்தது. எடுத்துப் பார்த்தபோது சூடுகூட இல்லை. மருந்து பழசு என்று அந்த்ரேயாவிடம் சண்டைக்குப் போனார். அவன் வேறு கொம்பனிப் பெட்டிகளைக் கொடுத்தான். இரண்டு கிழமைக்குள் ஏழு பெட்டி பார்த்தாயிற்று. எல்லாக் குண்டும் தொட்டன, ஒன்றும் துளைக்கவில்லை. விக்னராஜாவுக்கு நித்திரை போனது.

விடயத்தைக் கண்டுபிடித்தவள் ஞானம்பிகை. குண்டு தொட்ட பன்றிகள் தண்ணீர்த் தொட்டியில் முழுகிவிட்டு மரத்தடியில் இருந்தன. மூக்குக்கு முன்னால் காய் தொங்கியும் வாய் வைக்கவில்லை. அவள் நாட்காட்டியில் குறித்துவைத்துப் பார்த்தாள். நூற்றைம்பது பட்ட பன்றி ஒரு நாள் சாப்பிடாமல் இருந்தது. நூற்றறுபத்தைந்துக்கு மூன்று நாள். நூற்றெண்பதுக்கு முழுதாக ஆறு நாள்.

"துவக்கில ஒரு பிழையுமில்லை," என்றாள். "அது விரதம். படுறதுகளையும் பிடிக்க வைக்குது."

பாறணை கொடுத்துத் துவக்கின் விரதத்தை முடித்து வைக்கும்படி விக்னராஜா கெஞ்சினார்.

"ஆற்றையேன் விரதத்தை முறிச்சு நான் பாவம் தேடமாட்டன்," என்று சொல்லிவிட்டாள்.

ஆனால் விரதம் இருந்த பன்றிகளுக்குப் பாறணை வேண்டியிருந்தது. நாள் முடிந்த காலையில் அவை குசினி வாசலில் வந்து வரிசையாக நின்றன. சோறு, பருப்பு, பூசணிக்காய்க் கறி, பாயாசம் எல்லாம் தின்றுவிட்டு, அடுத்த குண்டுக்காகத் தாங்களே மரத்தடிக்குப் போயின. நூற்றைம்பது என்றால் ஒன்றுவிட்ட நாள் சமையல். நூற்றறுபத்தைந்து என்றால் நாலு நாளுக்கு ஒருக்கால். ஒன்பது பன்றிக்கும் கிழமைக்கு ஒருமுறைக்கு மேல் அடுப்பு மூட்டத் தன்னால் ஏலாது என்று ஞானம்பிகை சொன்னதோடு ரவைத் தெரிவு முடிந்தது. விக்னராஜா சீசாவுக்குப் போய் நூற்றெண்பதில் நான்கு பெட்டி, ஒரே தொகுதி எண்ணில் வாங்கினார். ஏன் அதையே எடுக்கிறாய் என்று அந்த்ரேயா கேட்டான். மனைவிக்கு ஞாயிற்றுக்கிழமைதான் வசதி என்றார் அவர்.

நத்தாருக்கு முந்திய ஞாயிறு, சிஞ்ஞோரா மருமகனோடு தோட்டத்தை முடிவாகப் பார்க்க வந்தார். மரங்களில் கொப்பு வளையக் காய்த்திருந்தது. அதன் கீழே ஒன்பது காட்டுப்பன்றிகள் வாழையிலைக்கு முன்னால் இருந்து இரண்டாம் முறை சோற்றுக்குக் காத்திருந்தன. மருமகன் படமெடுக்கக் கைபேசியைத் தூக்கினான். சாப்பிடுகிறவர்களைப் படமெடுப்பது மரியாதை இல்லை என்று சிஞ்ஞோரா அவனைக் கண்டித்தார். கொஞ்சநேரம் காயையும் பன்றியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, தோட்டத்தைக் கொடுப்பதாக இல்லை, காரை வேறெங்காவது நிறுத்திக்கொள் என்று அவனிடம் சொல்லிவிட்டு, வரிசைக் கடைசியில் ஒரு கதிரை போடச் சொன்னார். விக்னராஜா அழுதபடியே கதிரையைக் கொண்டுவந்து போட்டார். சிஞ்ஞோராவுக்குப் பருப்பு நன்றாகப் பிடித்தது, பூசணிக்காய் மட்டும் உறைத்தது. அடுத்த ஞாயிறு முதல் ஞானம்பிகை ஒரு சுண்டு அரிசி கூடப் போட்டு, கறியில் மிளகாய்த்தூளைப் பாதியாகக் குறைத்தாள். பன்றிகள் ஒன்றும் சொல்லவில்லை.