பூட்டி வைத்த கெட்டில்

ஐம்பது வயது வரை காப்பகத்தில் இருந்த டூகல், இன்வர்னஸ் நகரில் தனி வீட்டுக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. பராமரிப்பாளர் ஐலாவின் துணையோடு தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்கிறார். அன்று, அவர் வீட்டில் எப்படி இருக்கிறார் என்று பார்த்து அறிக்கை எழுத மெக்காஸ்கில் என்ற ஆய்வாளர் அம்மையார் வருவதாக இருந்தது. டூகலுக்குக் கை நடுங்கும். கொதிநீர் சிந்துவதைப் பார்த்து, ஆபத்து என்று ஆய்வாளர் எழுதிவிட்டால் டூகலை மறுபடி காப்பகத்துக்கே அனுப்பிவிடுவார்களோ என்று ஐலாவுக்குப் பயம். காலையிலேயே கெட்டிலை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள்.

ஆய்வாளர் வந்து உட்கார்ந்ததும் டூகல் எழுந்தார்.

"டீ குடிக்கிறீங்களாம்மா? ஆனா கெட்டிலக் காணோம். இவதான் ஒளிச்சிருப்பா. நீங்க வர்றீங்கன்னதுல இருந்து இவளுக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

ஐலாவின் முகம் சிவந்தது. "நான்தாங்க பூட்டினேன். இன்னைக்கு மட்டும்தான்."

"மத்த நாள்ல யாரு டீ போடுவாங்க?" என்றார் ஆய்வாளர்.

"நான்தான்," என்றார் டூகல். "இவ போட்டா வெந்நி மாதிரி இருக்கும்."

"அப்ப கெட்டில எடுத்து அவர்கிட்ட குடும்மா. அவர் ஊத்துறதப் பாக்கத்தானே வந்திருக்கேன்."

ஐலா அலமாரியைத் திறந்து எடுத்துக் கொடுத்தாள். கெட்டிலைத் தூக்க வேண்டியதில்லை. கை நடுங்குபவர்களுக்கென்றே செய்த தாங்கியில் வைத்துச் சாய்த்தால் போதும். டூகல் நிதானமாக மூன்று கோப்பைகளிலும் ஊற்றினார். மேஜையில் கொஞ்சம் சிந்தியது, அவரே துடைத்தார்.

கிளம்பும்போது ஆய்வாளர் சொன்னார்: "இவர் வீட்டுப் பொருள இவர்கிட்டயிருந்து பூட்டினத ஒரு வரி எழுதுவேன். இவர் இங்க நல்லா இருக்கிறத ஒரு பக்கம் எழுதுவேன்."

கதவைச் சாத்திவிட்டு வந்த ஐலா டூகலிடம் இன்னொரு டீ கேட்டாள்.